கத்தி படக்கூடாத தோட்டம்

ஜூன் மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை, நார்டால் ஊர்மன்றக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்:

மேயர் ஹார்லன் ட்வெட்.

உறுப்பினர்கள் டென்னி, ரோஸ்லின். மூன்றாவது உறுப்பினர் மழைக்கு முன்னால் வைக்கோல் கட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எழுத்தர் டார்லா.

சாலை, சாக்கடை, தண்ணீர்த் தொட்டி, புல்வெட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஊருக்கு இருக்கும் ஒரே பணியாளன் கர்ட்.

புகார் கொடுத்த கெரிட் பைக்கெமா. அவன் மனைவி ஆர்டித், புளிப்பு ருபார்ப் தண்டு போட்ட கேக்குத் துண்டுகள் ஒரு தட்டுடன்.

புகாருக்கு ஆளான லவோன் ஸ்டென்ஸ்ருட்.

கூட்டம் தீயணைப்பு நிலையத்தில்தான் நடக்கும். வண்டியை வெளியே தள்ளிவிட்டு, அது நின்ற இடத்தில் மடக்கு நாற்காலிகளைப் போடுவார்கள். டீசல் வாடைக்கு நடுவே ஊர் நடக்கும். அறுநூற்று நாற்பது பேர் இருக்கிற ஊருக்கு அது போதும்.

லவோனின் வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே அறுபதடி நீளத்துக்கு முன்பு புல்தரை இருந்தது. போன கோடையில் அதன்மேல் கறுப்புத் தார்ப்பாயை விரித்து, புல்லை முழுக்கச் சாகடித்தாள். ஜனவரியில், முழங்கால் பனியில் நின்றுகொண்டு, ஈர மரத்தூளில் கலந்த எதையோ வாளி வாளியாக வீசினாள். பார்த்தவர்கள் வண்டியை மெதுவாக்கி, கையசைத்துவிட்டுப் போனார்கள். வசந்தம் வந்ததும் அங்கே என்னென்னவோ முளைத்தது. ஜூனில் அது பதினாலு அங்குலம். ஊர்ச் சட்டம் பத்து அங்குலத்துக்கு மேல் எதுவும் நிற்கக் கூடாது என்கிறது. கெரிட் அளவு நாடாவை வைத்து அளந்து பார்த்துவிட்டு, டார்லாவிடம் போய்ச் சொன்னான்.

லவோனிடம் சொல்லவில்லை. இருவர் வீட்டுக்கும் இடையே முப்பது அடி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். இருந்தும் அவன் அரை மைல் நடந்து எழுத்தரிடம்தான் போனான். அந்த ஊரில் அதுதான் வழக்கம். ஒருவர்மேல் குறை இருந்தால் அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்லலாம். ஒருவரிடம் உதவி வேண்டுமென்றால் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எதிரில் இருப்பவர் தானாகப் புரிந்துகொண்டு தர வேண்டும். நேராகக் கேட்பது வெளியூர்க்காரர்கள் செய்வது.

லவோன் அன்றைக்கு அந்த வழக்கத்தை உடைத்தாள். முப்பத்திரண்டு வருடம் பள்ளிச் சமையலறையில் நின்று கத்திய தொண்டை அவளுடையது.

"பத்தங்குலம், பதினாலங்குலம்னு பேசிட்டிருக்கீங்களே, அங்க என்ன போட்டிருக்கேன்னு யாராவது கேட்டீங்களா?" என்றாள்.

"உட்காரும்மா லவோன்," என்றார் மேயர் ஹார்லன். அவருக்கு எழுபத்தாறு வயது. ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவார்.

"உட்கார மாட்டேன். பழைய ரயில் தடத்தோரமா ஊதாக் கலர்ல பூத்துக்கிட்டு நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? பிளேசிங் ஸ்டார். இந்த மண்ணுல நம்ம தாத்தன் பாட்டன் ஏர் பூட்டுறதுக்கு முன்னாடியே இருந்தது. அந்தத் தடத்தைத்தான் போன வருஷம் உழுது சோயா போட்டாச்சு. இப்ப அங்க ஒரு செடி கிடையாது. அதோட விதை மொத்தமும் என் வாசல்ல இருக்கு."

இது உண்மை. தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் போன பிறகு அந்தத் தடத்தில் யாரும் கை வைக்கவில்லை. அதனால் பழைய பிரெய்ரிப் புல்வெளியில் ஒரு நாடா அளவு மட்டும் அங்கே மிஞ்சியிருந்தது. லவோன் ஓய்வு பெற்றபின் அங்கே நடக்கப் போவாள். ஓர் ஆகஸ்ட் மாலை, இடுப்புயர ஊதாக் கதிர் ஒன்றில் ஏழு மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தேன் குடித்ததைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த கதிர்களையும் எண்ணினாள். நாற்பத்தொன்று வந்தது. மெக்சிகோ வரைக்கும் பறக்கப் போகிறவை, சாலையோரக் கடையில் லாரிக்காரர்கள் கூடுவதுபோல அங்கே கூடியிருந்தன. அதற்குப் பிறகு இரண்டு இலையுதிர்காலம் காகிதப் பையோடு போய் விதை சேகரித்தாள். மூன்றாவது வருடம் போனபோது ஏர் ஓடியிருந்தது. பையிலிருந்ததை எல்லாம் பனிமேல் வீசிவிட்டாள். கையில் ஒரு விதைகூட மிச்சம் வைக்கவில்லை.

"நல்ல விஷயம்தான்," என்றார் ஹார்லன். "ஆனா சட்டம்னு ஒண்ணு..."

லவோன் மேசையில் ஓங்கி அடித்தாள். கேக்குத் தட்டு குதித்தது.

"நான் எழுந்து நிக்கிற வரைக்கும் அந்த மண்ணுல ஒரு கத்தி இறங்காது. எவன் மெஷினைக் கொண்டுவந்தாலும் சரி, முன்னாடி படுப்பேன். இதை எழுதிக்கோ டார்லா."

"எழுதிட்டேன்."

"படுப்பேங்கிறதையும் எழுதினியா?"

"அதைத்தான் முதல்ல எழுதினேன்."

கர்ட் கையைத் தூக்கினான். "மிஸஸ் ஸ்டென்ஸ்ருட் படுத்தா நான் மெஷினை ஓட்ட மாட்டேன். இப்பவே சொல்லிடறேன். ஆறு வருஷம் அவங்க கையால சாப்பிட்டிருக்கேன்."

யாரும் கெரிட்டைப் பார்க்கவில்லை. கெரிட் கேக்கைப் பார்த்தான். ஹார்லன் கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு நாற்பது. லவோனின் முன்வாசல் இயற்கைத் தோட்டம் என அங்கீகரிக்கப்படுகிறது, ஊரின் எந்த இயந்திரமும் அதைத் தொடாது என்று தீர்மானம் போட்டு, இரண்டுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் நிறைவேற்றி, வீட்டுக்குப் போய்விட்டார்.

வெளியே போகும்போது கெரிட் லவோனிடம், "நல்ல கூட்டம்," என்றான்.

"கேக்கும் நல்லா இருந்துச்சு," என்றாள் லவோன்.

அதோடு சண்டை முடிந்தது. வம்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

ஊர் அவளைக் கொண்டாடத் தொடங்கிவிட்டது. லூத்தரன் தேவாலயத்தின் ஞாயிற்றுத் தாளில் "படைப்பைக் காக்கும் நம் சகோதரி" என்று இரண்டு வரி போட்டார்கள். கர்ட் சொந்தச் செலவில் ஒரு பலகை எழுதிவந்து நட்டான்: இயற்கைத் தோட்டம், வெட்டாதீர். சாலையில் போகிறவர்கள் கண்ணாடியை இறக்கி, "விட்டுக்கொடுக்காதே லவோன்!" என்று கத்திவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுக்காரி சீமைச் சுரைக்காயை ஒரு பை நிறைய வாசலில் வைத்துவிட்டு ஓடினாள். கெரிட் மட்டும் தன் புல்தரையை வாரம் இரண்டு தடவை, பில்லியர்ட்ஸ் மேசைபோல வெட்டிக்கொண்டிருந்தான். எல்லை வந்ததும் இயந்திரத்தை ஓரடி முன்பே திருப்பிவிடுவான். லவோனின் பக்கம் தலையைத் திருப்பவே மாட்டான்.

ஜூலையில் தோட்டம் இடுப்புக்கு வந்தது. லவோன் தினமும் காலையில் காபிக் கோப்பையோடு அதன் முன்னால் நின்றாள். பச்சையாக, அடர்த்தியாக, காற்றில் அலையடித்தது. பெருமையாக இருந்தது. ஜூலை இருபதாம் தேதி முழங்காலிட்டு உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள்.

இடுப்பளவு நின்றதெல்லாம் களை. நரி வால்போலக் கதிர் விடும் புல், மூக்கிலிருந்து நீர் வரவைக்கும் ராக்வீட், கீரைப்பூண்டு, குதிரைவால் பூண்டு. அந்த மண்ணில் எத்தனையோ வருடமாகத் தூங்கிக் கிடந்த விதைகள் எல்லாம், மேலே இருந்த புல்தரை செத்ததும் எழுந்து நின்றுவிட்டன. கீழே, வெயில் எட்டாத இருட்டில், இரண்டங்குல உயரத்தில், வெளிறிப்போன புல் இதழ்கள்போலச் சில நின்றன. அவைதான் பிளேசிங் ஸ்டார். முதல் வருடம் அதைப் புல்லிலிருந்து பிரித்துச் சொல்லவே கண் வேண்டும். ஜூனில் ஒரு சதுர அடிக்குள் பதினேழு எண்ணியிருந்தாள். இப்போது அதே இடத்தில் ஒன்பது. அந்த ஒன்பதிலும் மூன்று மஞ்சள்.

மாவட்டப் பூங்கா அலுவலகத்தில் ஷெல்பி என்று ஒருத்தி இருக்கிறாள். பிரெய்ரிச் செடிகளோடு வாழ்கிறவள். லவோன் போன் போட்டாள்.

"முளைச்சிருக்கா? அருமை!" என்றாள் ஷெல்பி. "இந்தக் கோடையில இதுவரைக்கும் எத்தனை தடவை வெட்டிவிட்டீங்க?"

"வெட்டவா?"

"ஆமா. முழங்காலுக்கு வரும்போதெல்லாம் ஆறங்குலத்துக்கு வெட்டிவிடணும்ல. மூணு தடவையாவது ஆகியிருக்கணுமே."

லவோன் ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தாள்.

"லவோன்? இருக்கீங்களா?"

"இருக்கேன். இது எங்க எழுதியிருக்கு?"

"நான் மார்ச்சுல அனுப்பினேனே, பச்சைத் தாள். முதல் வரியே அதுதான். முதல் வருஷம் செடி மேல வளராது, வேரைத்தான் கீழ இறக்கும். மேல கத்தி ஓடினா அதுக்கு ஒண்ணும் ஆகாது. களைதான் சாகும், வெயில் கீழ இறங்கும். வெட்டலைன்னா மூச்சு முட்டிச் செத்துரும்."

"கையால பிடுங்கினா?"

"வேண்டவே வேணாம். களையோட வேர் வரும்போது இதுவும் சேர்ந்து வந்துரும். வெட்டத்தான் வேணும். இந்த வாரத்துக்குள்ள."

பச்சைத் தாள் குளிர்பெட்டிக் கதவில்தான் இருந்தது. அதன்மேல், கெரிட்டின் புகாரை வைத்து மன்றம் அனுப்பிய நோட்டீஸைக் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். நோட்டீஸ் வந்த நாளிலிருந்து வெட்டு என்ற வார்த்தையைக் கேட்டாலே பல்லைக் கடித்தவள், அடியில் இருந்ததைப் படிக்கவே இல்லை. யாரும் அவளைக் கெடுக்கவில்லை. மன்றம் நோட்டீஸ் அனுப்பாமல் இருந்திருந்தால் ஜூனிலேயே தானாக வெட்டியிருப்பாள். அல்லது நோட்டீஸுக்குப் பணிந்து வெட்டியிருந்தாலும் செடி பிழைத்திருக்கும். ஜெயித்ததுதான் தப்பு.

அன்று மதியமே செடி கத்தரிக்கும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய், ஒரு மூலையில் உட்கார்ந்தாள். நாலு தண்டு வெட்டியிருப்பாள். தபால்காரியின் வண்டி வந்து நின்றது.

"அடர்த்தியா அழகா நிக்குது லவோன்! என் அண்ணி டி மோயின்ல இருந்து போட்டோ கேக்குறா, எடுத்துக்கட்டுமா?"

லவோன் கத்தரிக்கோலைப் பாவாடைக்குள் மறைத்தாள். போட்டோவுக்குச் சிரித்தாள்.

மறுநாள் டார்லாவிடம் போனாள். அங்கே நேராகச் சொல்ல வாய் வரவில்லை. தைரியம் கோபத்தோடு சேர்ந்து வந்தது, கோபத்தோடேயே போய்விட்டது. வெயிலைப் பற்றிப் பேசினாள். சோளம் எப்படி ஏறியிருக்கிறது என்று பேசினாள். புல் எல்லா இடத்திலும் ரொம்ப வளர்ந்துவிட்டதாகப் பொதுவாகச் சொன்னாள். டார்லா, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "கவலையே படாதீங்க, உங்களுதை எவனும் தொட மாட்டான்," என்றாள்.

"தொட்டாத்தான் என்ன ஆயிடும்னு தோணும், சில சமயம்."

"அப்படியெல்லாம் மனசைத் தளரவிடாதீங்க. ஊரே உங்க பின்னாடி நிக்குது."

"தீர்மானத்தை மாத்த முடியுமா? சும்மா கேட்கிறேன்."

"மன்றம் கூடினாத்தான். ஆகஸ்ட் பதிமூணு. அதுவும் மேயர் மினசோட்டாவுல மீன் பிடிக்கிறார். யாராலயும் மாத்த முடியாது, நிம்மதியா இருங்க."

லவோன் நிம்மதியில்லாமல் வீடு திரும்பினாள். சதுர அடிக்குள் எண்ணினாள். எட்டு.

மிச்சம் இருந்தது ஒரே ஆள்.

கெரிட் பின்வாசல் படியில் உட்கார்ந்து சோளக் கதிர் உரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் மூன்று கூடை. ஆர்டித் உள்ளே அடுப்பில் பெரிய பானையை ஏற்றியிருந்தாள். லவோன் எதுவும் சொல்லாமல் எதிரே பால் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, ஒரு கதிரை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.

முதல் நாலு கதிர்வரை மழை. ஏழாவது கதிர்வரை ஆர்டித்தின் முழங்கால். பத்தாவது கதிரில் லவோன் தொண்டையைச் செருமினாள்.

"என் தோட்டம் உனக்கு எப்படித் தெரியுது?"

"அழகா இருக்கு," என்றான் கெரிட்.

"பொய்."

"ரொம்ப அழகா இருக்கு."

"ஜூன்ல நாடா வச்சு அளந்தவன்தானே நீ?"

"அது ஜூன். இப்ப நான் திருந்திட்டேன். கஃபேல என் பேரு என்ன தெரியுமா? பத்தங்குலம். 'பத்தங்குலம் வந்துட்டான், காபி ஊத்து'ங்கிறானுங்க. அறுபத்திரண்டு வயசுல பட்டப்பேரு."

உள்ளேயிருந்து ஆர்டித் கத்தினாள். "எனக்கும் பேரு வச்சிருக்காங்க. மிஸஸ் பத்தங்குலம்!"

லவோன் இன்னும் இரண்டு கதிர் உரித்தாள்.

"இன்னொரு புகார் குடேன்."

கெரிட்டின் கை நின்றது. "என்ன?"

"என் தோட்டத்து மேல. மோசமா இருக்குன்னு. எலி வருதுன்னு எழுது. பாம்பு வருதுன்னு எழுது."

"வெயில்ல வந்தியா? தொப்பி போட்டுக்கலியா?"

"கெரிட்."

"நான் புகார் குடுத்தா என்னைக் கஃபேக்குள்ளயே விட மாட்டானுங்க. என்னதான் வேணும் உனக்கு?"

அவளால் சொல்ல முடியவில்லை. உடம்பே வளையவில்லை. ஆகவே எழுந்து, "வா," என்று மட்டும் சொல்லி, அவனைத் தன் வாசலுக்குக் கூட்டிப்போனாள். களையை இரு கையாலும் விலக்கிக் காட்டினாள். கெரிட் முனகிக்கொண்டே மண்டியிட்டுப் பார்த்தான்.

"புல்லு," என்றான்.

"புல் இல்ல."

"புல் மாதிரிதான் இருக்கு."

"உன் பேரன் உன்னை மாதிரி இருக்கான். அதுக்காக அவன் நீ ஆகிடுவானா?"

கெரிட் குனிந்து இன்னொரு தடவை பார்த்தான். மேலே ஆடிக்கொண்டிருந்த ராக்வீட்டைப் பார்த்தான். ஐம்பது வருடம் விவசாயம் பார்த்தவன். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மேல இருக்கிறது இதைக் கொல்லுதே," என்றான். "வெட்டிவிட வேண்டியதுதானே?"

லவோன் வானத்தைப் பார்த்தாள்.

"ஓ," என்றான் கெரிட். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு மெதுவாக, காதுவரை போய் நின்றது. "ஓ! இதுக்குத்தான் பன்னெண்டு கதிர் உரிச்சியா? படுப்பேன்னு சொன்னவ. மேசையில அடிச்சவ. டார்லா எழுதிக்கிட்டாளே, அவ!"

"சிரிச்சு முடி."

"முடிக்க மாட்டேன். ஒரு மாசமா எனக்குச் சிரிக்கிறதுக்கு ஒண்ணுமே கிடைக்கல." அவன் உண்மையிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு கேட்டான்: "இது எவ்வளவு உயரம் வரும்?"

"மூணு நாலு வருஷத்துல பூக்கும். நாலு அடி."

"அதாவது, இப்ப நான் வெட்டினா இது பிழைக்கும். பிழைச்சா நாலு அடிக்கு நிக்கும். என் வீட்டுக்கு முன்னாடி. நான் வெட்டினதாலேயே."

"ஆமா."

"ஆண்டவா," என்றான் கெரிட். ஆனால் அவன் கண் ஏற்கெனவே தன் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே அவன் அப்பா காலத்துப் புல்வெட்டி இருந்தது. முன்னால் பல்வரிசைபோல நீட்டிக்கொண்டிருக்கும் கத்தி. நின்ற புல்லை நசுக்காமல் அடியில் அறுத்துச் சாய்த்துவிடும். புல்தரைக்கு உதவாது என்று பன்னிரண்டு வருடமாகத் தொடவில்லை. வருடத்துக்கு ஒரு தடவை எண்ணெய் மட்டும் போட்டு வைத்திருந்தான். ஜூன் மாதத்திலிருந்து முப்பதடி தள்ளி இடுப்பளவு களையைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்குக் கை எப்படி அரித்திருக்கும் என்று லவோனுக்குத் தெரியும். அதை நம்பித்தான் வந்திருந்தாள்.

"நாளைக்குக் காலைல," என்றான்.

"ஒரு சிக்கல் இருக்கு."

"இன்னுமா?"

"படுப்பேன்னு சொல்லியிருக்கேன்."

"படுக்காதே!"

"சொன்னது சொன்னதுதான். நான் எழுந்து நிக்கிற வரைக்கும்னு சொன்னேன், எவன் வந்தாலும்னு சொன்னேன். அது போகட்டும், அதைவிட இது முக்கியம். கத்தி உள்ள போறதைப் பார்த்தா நான் சும்மா இருக்க மாட்டேன் கெரிட். புத்திக்குத் தெரியும். கால் கேக்காது. ஓடி வந்துருவேன். என்னை எனக்குத் தெரியும்."

இது கெரிட்டுக்கும் தெரியும். ஏழாம் வகுப்பில் தவளையை அறுக்க வந்த ஆசிரியரின் கையைக் கடித்தவள்.

"உன் வீட்டுக்குள்ள இரு. வெளியில இருந்து பூட்டிடறேன்."

"சாவி எங்க இருக்கு? தொண்ணூத்தொண்ணுல காணாமப் போச்சு. உன் வீடு?"

"எங்க வீட்டுக் கதவுல பூட்டே வைக்கல."

இருவரும் யோசித்தார்கள். தேவாலயத்துக் கதவு பூட்டாது. தீயணைப்பு நிலையத்துக் கதவைச் சட்டப்படி பூட்டக் கூடாது. தபால் நிலையத்தில் பூட்டு உண்டு. ஆனால் அங்கே தபால்காரி உண்டு.

ஆர்டித் அவர்களுக்குப் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "எங்க பால் கொட்டகை," என்றாள். "ரக்கூன் வந்து கோழித் தீனியைத் தின்னுதுன்னு போன மாசம் ஒரு பூட்டு வாங்கி மாட்டினியே. ஜன்னலும் மேற்குப் பக்கம்தான். அங்கிருந்து தோட்டம் தெரியாது."

"ரக்கூனுக்கு வாங்கின பூட்டா?" என்றாள் லவோன்.

"ரக்கூனால அதைத் திறக்க முடியலைம்மா," என்றாள் ஆர்டித் மரியாதையாக. "நல்ல பூட்டு."

மறுநாள் காலை ஏழு மணிக்கு, புல்லில் பனித்துளி காய்ந்ததும் ஆரம்பித்தார்கள். ஆர்டித் பால் கொட்டகையைப் பெருக்கி, ஒரு சாய்வு நாற்காலி, காபிக் குடுவை, நாலு சாக்லேட் பிஸ்கட், மூன்று மாதத்துப் பழைய பத்திரிகைகள் எல்லாம் கொண்டுபோய் வைத்திருந்தாள். லவோனும் கெரிட்டும் புல்வெட்டி இருந்த கொட்டகையின் வாசலில் அதன் கத்தியைச் சரிபார்த்தார்கள்.

"கொஞ்சம் இறக்கட்டுமா?" என்றான் கெரிட். "ஒட்ட வெட்டினாத்தான் பார்க்க ஒழுங்கா இருக்கும்."

"ஆறங்குலம்."

"அஞ்சு?"

"ஆறு. வெட்டினதை அப்படியே போட்டுடாதே, வாரி எடுத்துரு. இல்லன்னா அடியில மூடிக்கும். மூணு வாரத்துல மறுபடி வளரும், மறுபடி வெட்டணும்."

"மறுபடியுமா?" அவன் சந்தோஷத்தை மறைக்கக்கூட முயலவில்லை.

அந்த நேரம் பார்த்து ஊரின் டிரக் வந்து நின்றது. கர்ட் இறங்கி, இயந்திரத்தையும், கெரிட்டையும், தான் நட்ட பலகையையும் வரிசையாகப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது.

"மிஸ்டர் பைக்கெமா, இது என்ன? தீர்மானம் இருக்கு."

"ஊர் மெஷின் தொடக் கூடாதுன்னுதான் தீர்மானம்," என்றான் கெரிட். "இது எங்கப்பா மெஷின்."

"மிஸஸ் ஸ்டென்ஸ்ருட், நீங்க உள்ள போங்க. நான் பார்த்துக்கிறேன். இவரை நான் விட மாட்டேன்."

லவோன் வாயைத் திறந்தாள். கர்ட் அவளுக்காகக் கைகளை விரித்து இயந்திரத்தின் முன்னால் போய் நின்றுவிட்டான். அவன் படுத்துவிடுவான்போல இருந்தது. கெரிட் தோளைக் குலுக்கினான். லவோன்தான் கூப்பிட்டாள் என்று அவன் சொல்லப் போவதில்லை. கஃபேயில் ஏற்கெனவே பட்டப்பெயர் வாங்கியவன், இன்னொன்றையும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான். அதுதான் லவோனுக்குத் தாங்கவில்லை.

"நான்தான் வெட்டச் சொன்னேன்," என்றாள்.

கர்ட் அவளைப் பரிவோடு பார்த்தான். "நீங்க நல்லவங்க. அப்படித்தான் சொல்வீங்க. இவர் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு."

"நல்லவளும் இல்ல, ஒரு எழவும் இல்ல. கர்ட், கேளு. அங்க நிக்கிறது பூராவும் களை. என் செடி அடியில செத்துக்கிட்டிருக்கு. ஜூன்லயே வெட்டியிருக்கணும். நான் தாளைப் படிக்கல, வாயை விட்டுட்டேன், வீம்புக்கு ஒரு மாசம் அதைப் பார்த்துக்கிட்டு நின்னேன். வர்ற மாசம் மன்றத்துல நானே எழுந்து சொல்லப்போறேன். இப்ப தள்ளி நில்லு."

அந்த ஊரில் ஒருவர் இத்தனை வார்த்தைகளை நேராகச் சேர்த்துச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கர்ட் ஓரடி நகர்ந்தான். இன்னும் முழுக்க நம்பவில்லை.

"அப்ப படுக்க மாட்டீங்களா?"

"படுப்பேன். அதனாலதான் பூட்டச் சொல்லியிருக்கேன்."

கர்ட் ஆர்டித்தைப் பார்த்தான். ஆர்டித் கையிலிருந்த பூட்டைத் தூக்கிக் காட்டினாள்.

லவோன் கெரிட்டின் பக்கம் திரும்பினாள். அவன் இயந்திரத்தைக் கிளப்பும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான், ஆனால் இழுக்கவில்லை. அவனும் காத்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. இத்தனையும் சொன்னவள் அவனிடம் மட்டும் இன்னும் கேட்கவில்லை. மழை, முழங்கால், சோளம் எல்லாம் சொல்லியாகிவிட்டது.

"கெரிட்," என்றாள். "தயவுசெஞ்சு எனக்காக வெட்டிக் குடு."

"சரி," என்றான் கெரிட். "கேட்டா செய்யப்போறேன்." காது மடல் மட்டும் சிவந்திருந்தது. கயிற்றை இழுத்தான். இரண்டு தடவை இருமிவிட்டு, மூன்றாவது இழுப்பில் இயந்திரம் பிடித்துக்கொண்டது. பல்வரிசை கடகடவென்று ஆடத் தொடங்கியது. அவன் அதை எல்லையை நோக்கித் திருப்பினான்.

லவோனின் வலது கால் அந்தப் பக்கம் ஓரடி எடுத்து வைத்துவிட்டது. அவள் அதைப் போகச் சொல்லவில்லை. தானாகப் போனது. இயந்திரம் நகர்ந்தது, இடது காலும் கிளம்பியது.

"ஆர்டித்!" என்று கத்தினாள்.

ஆர்டித் அவள் முழங்கையைப் பிடித்தாள். கர்ட், ஏன் என்று தெரியாமலே, மறு முழங்கையைப் பிடித்தான். இருவருமாக அவளைத் திருப்பி, பதினைந்து அடி நடத்தி, பால் கொட்டகைக்குள் விட்டார்கள். உள்ளே குளிர்ச்சியாக, பழைய பாலும் சுண்ணாம்பும் கலந்த வாடையாக இருந்தது. லவோன் நாற்காலியில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். முதல் களை கத்தியில் விழும் சத்தம், துணி கிழிவதுபோல, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது.

"காபி குடுவைல இருக்கு," என்றாள் ஆர்டித். "சர்க்கரை போடல."

"வெட்டினதை வாரணும்னு சொல்லு! ஆறங்குலம்னு சொல்லு! எல்லைல திரும்புறப்ப..."

"சொல்றேன்."

"சொல்லிட்டிருக்காதே, சாத்து!" என்றாள் லவோன்.

ஆர்டித் கதவைச் சாத்தினாள். கர்ட் கொண்டியை இழுத்துப் போட்டு, பூட்டை மாட்டி, அது பூட்டிக்கொண்டதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தான்.